லொக்கேஷனை நிறுத்திவைக்கும் அக்கா

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியிலிருந்து அக்கா எங்காவது போவதென்றால், வீதிக்கு இறங்கித்தான் ஓட்டோ மறிப்பார். அவருடைய போனில் லொக்கேஷன் எப்போதும் நிறுத்தியே இருக்கும். பிக்மீயைப் போடச் சொன்னால், "நான் நிற்கிற இடம் கண்டவனுக்கும் ஏன் தெரியவேணும்?" என்பார். நானோ வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனாலும் வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு இருப்பிடத்தை அனுப்பிவிட்டுப் போகிறவள்.

இது குணத்தின் வேறுபாடா? 2008இல் ஐரிஸ் ஜங்லாஸும் இரு சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, ஓரளவு ஆம் என்கிறது. இருப்பிடச் சேவைகளில் தனியுரிமை பற்றிய கவலையை, இணங்கிப்போகும் இயல்பு, கடமையுணர்வு, புதியதை ஏற்கும் மனம் ஆகிய மூன்றும் பாதிப்பதாக அவர்கள் கண்டார்கள்.

அதே காலத்துக் கொழும்பை நினைத்துப் பாருங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி, லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் அதிகமான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்றார்கள். இருக்கும் இடம் தெரிவதே ஆபத்து என்று அக்கா அப்போதுதான் படித்துக்கொண்டார்.

அந்த ஆண்டுகளில் நானும் அவருடன் இங்கேதான் இருந்தேன். ஆனால் என் மனதில் நின்றது வெள்ளை வான். கடைசியாக எங்கே நின்றார் என்ற ஒரு தகவலுக்காக எத்தனை தாய்மார் அலைந்தார்கள், இன்னும் அலைகிறார்கள். அதனால் எனக்கு ஏதும் நடந்தால் பிள்ளைகளிடம் ஒரு தடயமாவது இருக்கட்டும் என்று நினைக்கிறேன். பயம் இருவருக்கும் ஒன்றுதான். அதை வைத்து ஒருவர் மறைகிறார், மற்றவர் தடயம் விடுகிறார். குணம் வேலை செய்வது இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பிடத் தரவும் அடங்கும். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பின் பெயரால் விதிவிலக்குக்கும் இடமுண்டு. அந்தச் சொல்லின் அர்த்தம் நமக்குப் புதிதல்ல.

லொக்கேஷனை நிறுத்தினாலும், போன் எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும். ஆனால் நானாகக் குடுக்கமாட்டன்" என்றார்.