நாகல்கேணி நீரும் பதில் கிடைக்காத ஒரு கேள்வியும்

நீர்வண்ணப் பெருமாளைச் சேவிக்கத் திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்கிறது சென்னைப் புறநகரில் உள்ள திருநீர்மலையின் தலவரலாறு. இந்த ஊர்ப் பெயரில் நீர் இருக்கிறது. பக்கத்து நாகல்கேணியின் பெயரில் கேணியே இருக்கிறது. ஆனால், நாகல்கேணிப் பக்கம் நிலத்தடி நீரை நம்பி வாயில் வைப்பவர்கள் குறைவு. குடிக்கவும் உலை வைக்கவும் கேன் தண்ணீர். பாத்திரம் துலக்க, துணி அலச, பிள்ளையைக் குளிப்பாட்ட போர் தண்ணீர்.

இதன் வேர் ஒரு நூற்றாண்டு பின்னால் போகிறது. அருகிலுள்ள குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த ‘குரோம் லெதர்’ கம்பெனியால் வந்தது. ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட தோல், குரோமிய உப்பு வந்த பிறகு ஓரிரு நாளில் தயாரானது. சுழலும் டிரம்மிலிருந்து ஈரத்தோடு வெளியே வரும் தோல் வெளிர்நீலமாக இருக்கும். தொழிலில் அதற்கு ‘வெட் புளூ’ என்றே பெயர். வழக்கமான முறையில், போடுகிற குரோமியத்தில் அறுபது எழுபது சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் கழிவுநீரோடு போய்விடும். பல்லாவரம் வட்டாரத் தோல் ஆலைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1990-களில்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஓடிய கழிவை மண் வாங்கிவைத்திருக்கிறது. குரோம்பேட்டைப் பகுதிக் கிணறுகளை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, பெரும்பாலான மாதிரிகளில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற இந்தியக் குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் ஒரு தெருவில் இரண்டு பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தால், மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு என்ன தோன்றும்? ‘தண்ணிதான் காரணமா?’ என்றுதானே. அந்தக் கேள்வியைப் பாமரப் பயம் என்று ஒதுக்கக் கூடாது. 2012 முதல் 2016 வரையிலான புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்குப்படி, வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால், சென்னையில் ஆண்டுதோறும் லட்சம் பெண்களில் ஏறத்தாழ 42 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று இது. 1980-களில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது; பிறகு மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. தாமதமான திருமணம், குறைந்த பிள்ளைப்பேறு, உடல் எடை, கூடிய ஆயுள் என்று இந்த மாற்றத்துக்குத் தெரிந்த காரணங்கள் பல உண்டு. உலோகம் அந்தப் பட்டியலில் சேருமா என்பதுதான் கேள்வி.

நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. குரோமியம் எல்லாம் ஒன்றல்ல. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப்படவில்லை. சூழ்நிலை வாய்த்தால் அதில் ஒரு பகுதி அறுவிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோய்க் காரணி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உறுதிப்பட்டிருப்பது நுரையீரல் புற்றுநோய்தான்.

மார்பகத்தைப் பொறுத்தவரை விஞ்ஞானிகளின் சந்தேகம் முதலில் விழுந்தது கேட்மியத்தின் மேல். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உட்காரவேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து, ‘பெருகு’ என்று செல்லுக்குக் கட்டளையிடுகிறது. 2003-இல் எலிகளிடம் இதை நிரூபித்தார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, ஈயம், நிக்கல், பாதரசம், குரோமியம் ஆகியவையும் ஆய்வகத்தில் மார்பகப் புற்றுச் செல்களைப் பெருகச் செய்ததைக் காட்டியது. ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற சுமார் 56,000 பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தபோது, உணவில் கேட்மியம் அதிகம் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து 21 சதவீதம் கூடியிருந்தது. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அப்படி எதுவும் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆக, நாகல்கேணிக் கிணறுகளில் பேசப்படும் உலோகம் ஒன்று. மார்பகத்தோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் உலோகம் வேறு. சிகரெட் புகை, பாஸ்பேட் உரம், அந்த உரத்தில் விளைந்த தானியம், முலாம் பூசும் பட்டறை, பழைய பேட்டரி எனக் கேட்மியம் வரும் வழிகள் ஏராளம். தோல் ஆலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் இவையெல்லாம் தப்பிவிடும்.

அதற்காக ‘ஆதாரம் இல்லை’ என்ற ஒற்றை வரியில் விஷயத்தை மூடிவிடுவதையும் ஏற்க முடியாது. தேடிப் பார்த்துக் கிடைக்காதது வேறு, தேடாமலே இல்லை என்பது வேறு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரின் நோயாளிகளைக் கணக்கெடுத்துவருகிறது. பிற்காலத்தில் அந்தப் பணி மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அந்தக் கணக்கு மாவட்ட வாரியாகப் பேசும். தண்ணீர் அறிக்கையோ கிணறு வாரியாகப் பேசும். மாவட்ட சராசரியில் நாகல்கேணியின் ஒரு தெரு கரைந்துபோகும்.

இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு நடுவில் எப்படி நடந்துகொள்வது என்று நாட்டுக்குச் சொன்னதே தமிழகத் தோல் ஆலை வழக்குதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விஞ்ஞான நிச்சயம் இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது; தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். திருநீர்மலை அப்போது அதில்தான் இருந்தது.

இன்று இது தாம்பரம் மாநகராட்சிப் பகுதி. மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து இந்த வட்டாரக் கிணறுகளில் குரோமியத்தோடு கேட்மியம், ஈயம், நிக்கல் அளவையும் ஆண்டுக்கு இருமுறை எடுத்து, தெருப் பெயரோடு வெளியிடலாம். மருத்துவமனையில் ‘எந்த ஊர்?’ என்று கேட்கும்போதே, ‘எத்தனை வருஷமாக அந்த வீட்டில்? சின்ன வயதில் எந்தத் தண்ணீர்?’ என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஆய்வு முடியட்டும் என்று எந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டாம். கட்டி தட்டுப்பட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். காரணம் எதுவானாலும் சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

கேட்மியம் உடம்பில் புகுந்தால் சிறுநீரகத்தில் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்கூடத் தங்கும். ஒரு சிறுநீர்ச் சோதனை பல வருஷக் கணக்கைச் சொல்லிவிடும். சுத்திகரிப்பு நிலையம் வருவதற்கு முன், 1980-களில், இங்கே கிணற்றடியில் குடத்தோடு நின்ற சிறுமிகளுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் தெரியவரும் வயதும் ஏறத்தாழ அதுதான். அவர்களில் பலர் இன்னும் அதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள்.