மேலட்டையில் மட்டும் எரியும் விளக்கு

அவசரகால விளக்கு என்ற பெயரில் இன்று கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் மேலட்டைதான். அதன்மேல் அச்சிடப்பட்ட வாட்டும் மில்லி ஆம்பியரும் மணிக்கணக்கும் விலை பெறுகின்றன. உள்ளே இருக்கும் எல்இடியும் மின்கலமும் அந்த எண்களுக்குப் பொறுப்பேற்பதில்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு முதல் நாகர்கோவில் வடசேரி வரை இதுவே நிலை. இதைச் சில்லறை வணிகத்தின் சிறுபிழை என்று ஒதுக்கும் கல்வியுலகம், தன் கடமை ஒன்றைக் கைகழுவுகிறது.

இது சிறுபிழை அன்று என்பதற்கு இந்தக் கடற்கரையே சான்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் பூந்துறை, விழிஞ்ஞம், குமரி மீனவர்களை நடுக்கடலில் வளைத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளம், 1924க்குப் பிறகு கேரளம் கண்ட மிகப் பெரிய வெள்ளம். மின்வாரியம் பாதுகாப்புக் கருதிப் பல இடங்களில் மின்சாரத்தைத் துண்டிக்க நேர்ந்தது. மேல்மாடிகளில் சிக்கிய குடும்பங்கள் இரவுகளை இருட்டில் கழித்தன. திருவனந்தபுரத்து மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று செங்ஙன்னூரிலும் பத்தனம்திட்டையிலும் மக்களை மீட்டனர். அதன் பின்னர் மழைக்காலந்தோறும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ‘எமர்ஜென்சி கிட்’ ஒன்றை வீட்டில் ஆயத்தமாக வைத்திருக்க அறிவுறுத்துகிறது. டார்ச்சும் அதற்கான பேட்டரியும் அந்தப் பட்டியலில் உள்ளன. அறிவுரை சரியானதே. ஆனால் எந்த டார்ச், எந்தப் பேட்டரி, எத்தனை இரவுக்கு என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் இடம் கடையாகவே இருக்கிறது. கடையோ மேலட்டையைக் காட்டுகிறது.

மேலட்டையின் மொழியை இலக்கண மாணவர் ஒருவர் படித்தால் முதலில் கண்ணில் படுவது ஆகுபெயர். ‘இன்வெர்ட்டர் பல்பு’ என்று விற்கப்படும் விளக்கில் இன்வெர்ட்டர் இல்லை. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் கருவிக்கே அப்பெயர் உரியது. இந்தப் பல்பிலோ சிறு லித்தியம் மின்கலம் ஒன்று எல்இடிக்கு நேரடியாக நேர்மின்னோட்டம் தருகிறது. மின்தடையின்போது எரியும் என்ற பயன் ஒற்றுமையால் மட்டும் பெயர் இடம்பெயர்ந்தது. பெயர் பெயர்ந்தபோது வீட்டு இன்வெர்ட்டரின் மீதிருந்த நம்பிக்கையும் சேர்ந்தே பெயர்ந்தது. கடைக்காரர் பல்பின் அடிமுனைகளை விரலால் தொட்டு எரியவைத்துக் காட்டும்போது அந்த நம்பிக்கை உறுதிப்படுகிறது. அந்தச் செய்முறை மெய்ப்பிப்பது ஒன்றே ஒன்று: அந்த நொடியில் மின்கலத்தில் கொஞ்சம் மின்னேற்றம் இருக்கிறது.

இரண்டாவது, ‘வாட்’ என்ற சொல்லின் பொருள்மாற்றம். வாட் என்பது விளக்கு உண்ணும் ஆற்றலின் வீதம்; ஒளியின் அளவு லூமென். குண்டு பல்புக் காலத்தில் இரண்டும் ஏறத்தாழ இணையாகச் சென்றதால் மக்கள் வழக்கில் வாட்டே வெளிச்சமாயிற்று. எல்இடி வந்த பிறகும் அந்தப் பழைய பொருள் நீடிப்பது விற்பவருக்கு ஆதாயம். வாட் கூடினால் வெளிச்சம் கூடும் என்று வாங்குபவர் எண்ணுகிறார். அதே வாட்தான் மின்கலத்தைக் காலி செய்கிறது என்பது மேலட்டையில் எங்கும் இல்லை.

மூன்றாவது, ‘பேக்கப் 6 மணி நேரம்’ என்ற தொடர். இது செயப்படுபொருள் குன்றா வினையைச் செயப்படுபொருள் இன்றியே முடித்துவிட்ட வாக்கியம். எவ்வளவு வெளிச்சத்தில் 6 மணி நேரம்? முதல் நிமிடத்தின் ஒளியும் ஆறாம் மணியின் ஒளியும் ஒன்றா? முழு ஒளியில் ஒரு மணியும், மின்மினி அளவில் ஐந்து மணியும் எரியும் விளக்குகூட ‘6 மணி நேரம்’ என்ற கூற்றைப் பொய்யாக்காது. பொய் சொல்லாமல் ஏமாற்றுவதற்கு இதைவிட நேர்த்தியான வாக்கிய அமைப்பு கிடைப்பது அரிது.

நான்காவதோ அப்பட்டமான பொய். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய 18650 வகை லித்தியம் அயனி மின்கலங்களின்மேல் ‘9900’ மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்பதைக் காணலாம். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் அது ஏறக்குறைய 37 வாட்-மணி. சுமார் 45 கிராம் எடையுள்ள அந்த உருளைக்குள் நல்ல தயாரிப்பாளர்களின் தரமான மின்கலம்கூட 13 வாட்-மணியை ஒட்டியே தேக்குகிறது. பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் கண்டுபிடிக்கக்கூடிய இந்தப் பொய், கல்லூரிகள் நிறைந்த ஒரு நகரத்தில் தடையின்றி விலைபோகிறது.

இனி உள்ளே நடப்பது. வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஆனால் அது மின்தடையைப் போல ஒழுங்காக நடந்துகொள்ளும் பொருள் அன்று. அதன்மீதான அழுத்தம் சிறிதே கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்கு தாவும். சூடேறினால் அதற்குத் தேவையான அழுத்தம் குறையும். அதே அழுத்தத்தில் மின்னோட்டம் மேலும் ஏறும். சூடு மேலும் கூடும். ஆகவே எல்இடிக்கு ஊட்ட வேண்டியது கட்டுப்படுத்தப்பட்ட மின்னோட்டம். மலிவு விளக்குகள் பலவற்றில் மூன்று சிறு பேட்டரிகள், ஒரு சுவிட்ச், ஓர் எல்இடி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்தும் ஒரே பொருள் பேட்டரியின் உள்தடை. பழைய பேட்டரி போட்டால் மங்கும். உள்தடை குறைந்த புதிய பேட்டரி போட்டால் எல்இடி கருகும். உட்கொள்ளும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக்கும் உயர்திறன் எல்இடியை, வெப்பத்தைக் கடத்த அலுமினியத் தகடுகூட இல்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துவிட்டு, ‘ஹை பவர்’ என்று பெயரிடுகிறார்கள்.

இந்த ‘ஹை பவர்’ மோகம் அவசரகாலத்துக்கு நேர்ப்பகை என்பதை ஒரு கணக்கே காட்டும். மெழுகுவர்த்தி ஒன்றின் ஒளி ஏறத்தாழ 12 லூமென். வாட்டுக்கு 100 லூமென் தரும் சாதாரண எல்இடிக்கு அந்த ஒளியைத் தர 0.12 வாட் போதும். இரண்டு ஏஏ ஆல்கலைன் பேட்டரிகளில் மெதுவாக எடுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 6 வாட்-மணி. மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 4.8 வாட்-மணி மிஞ்சும். அதாவது மெழுகுவர்த்தி அளவு ஒளி 40 மணி நேரம். இரவுக்கு 6 மணி வீதம் ஆறு இரவுகளுக்கும் மேல். அதே இரண்டு பேட்டரிகளில் 3 வாட் எல்இடியை எரித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஏனெனில் ஆல்கலைன் பேட்டரியிலிருந்து ஓர் ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும்போது அதன் கொள்ளளவில் பாதிகூடக் கைக்கு வருவதில்லை. வெள்ளத்தில் மூன்றாம் இரவு இருட்டில் இருப்பவருக்குத் தேவைப்படுவது, முதல் இரவில் கண்ணைப் பறித்த வெளிச்சமா?

லித்தியம் அயனி மின்கலம் வந்தவுடன் இருட்டோடு நெருப்பும் கேள்விக்குள் வருகிறது. அதை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் கூடாது. அளவுக்கு மீறி ஏற்றினால் உலோக லித்தியம் படியும். அளவுக்கு மீறி இறக்கினால் உள்ளிருக்கும் செம்பு கரையும். அதன்பின் ஏற்றும்போது உட்குறுக்குச் சுற்று உண்டாகலாம். எனவே காப்புச் சுற்று என்பது ஆடம்பரம் ஆகாது. பல்புக்குள் அடைபட்ட மின்கலத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. அது நாள்தோறும் விளக்கின் சூட்டில், முழு மின்னேற்றத்தில் கிடக்கிறது. லித்தியம் அயனி மின்கலத்தை விரைவில் மூப்படையச் செய்பவை இவ்விரண்டுமே. ஆக, நாள்தோறும் எரிந்த பல்பு, மின்சாரம் போகும் நாளில் தன் மிக நலிந்த மின்கலத்தோடு கடமைக்கு வருகிறது.

இந்தியாவில் இத்தகைய கையடக்க மின்கலங்களுக்கு ஐஎஸ் 16046 என்ற தரநிலையின்கீழ்ப் பதிவு கட்டாயம். ஆனால் முத்திரை மின்கலத்தின்மேல் இருக்கிறது. மின்கலம் ஒட்டி மூடிய பல்புக்குள் இருக்கிறது. வாங்குபவர் படிக்கக்கூடியது மேலட்டை மட்டுமே. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொதிப்பொருள் விதிகள் அந்த மேலட்டையில் கேட்பவை: தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை முதலியன. பிஸ்கட்டுக்கு நிகர அளவு கிராமில் சொல்லப்பட வேண்டும். விளக்குக்கோ ‘1 எண்’ என்றால் போதும். எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்பது அந்த விதியின் பார்வையில் அளவே ஆகாது.

அந்த அறிவிப்புகள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் விதிகள் சொல்கின்றன: தேவநாகரி இந்தி அல்லது ஆங்கிலம். பிற மொழிகள் கூடுதலாக இருக்கத் தடையில்லை. தடையில்லை என்பதற்கும் உரிமை உண்டு என்பதற்கும் இடையிலான தொலைவில்தான் மலையாளமும் தமிழும் நிற்கின்றன. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள வழி செய்கிறது. அரசுக்கு மனு எழுதத் தமிழ் உண்டு. மின்கலம் வீங்கினால் ஏற்றாதே என்று எச்சரிக்கத் தமிழ் இல்லை.

இதற்கு எழும் மறுப்புகள் அறியப்பட்டவையே. ஏழைகளின் மலிவு விளக்கைக் கட்டுப்பாடுகளால் பறிக்கக் கூடாது என்பார் ஒரு சாரார். ஏழையின் பெயரால் பேசும் இந்த வாதம், ஏழையே மறுபடி மறுபடி விளக்கு வாங்குகிறார் என்பதை மறைக்கிறது. 1999 நவம்பரில் பிரித்தானிய மின்னணு இதழ் ஒன்றில் கபார்னிக் என்பவர் வெளியிட்ட எளிய சுற்று, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, ஒரு ஃபெரைட் வளையச் சுருள் ஆகியவற்றைக் கொண்டே ஒற்றைப் பேட்டரியில் எல்இடியை எரித்துக் காட்டியது. ஏறத்தாழத் தீர்ந்துபோன பேட்டரியிலும் அது எரியும். அச்சுற்று மின்னோட்டத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தாது. உயர்திறன் எல்இடிக்கு அது போதாது. ஆனால் சிக்கனமும் மலிவும் பகை என்ற வாதத்தை உடைக்க அது போதும்.

கைப்பேசியில் டார்ச் இருக்கும்போது விளக்கு எதற்கு என்பார் மற்றொரு சாரார். வெள்ளத்தில் கைப்பேசி, படகை அழைக்கும் குரல். அதன் மின்னேற்றத்தை வெளிச்சத்துக்குச் செலவிடுபவர் குரலைச் செலவிடுகிறார்.

மேலட்டையை யார் படிக்கிறார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. படிக்க முடியாத மொழியில், பொருள் முடியாத வாக்கியத்தில் எழுதிவிட்டு, மக்கள் படிப்பதில்லை என்று மக்கள்மேல் குற்றம் சாட்டுவது அறமன்று.

கடைசிக் குற்றச்சாட்டு கல்வியுலகின் மீதானது. தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. விண்கலங்களுக்காக உருவாக்கிய லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை அது 2018இல் இந்தியத் தொழில் நிறுவனங்களுக்கு அளிக்க முன்வந்தது. அதற்கு அருகே மேனங்குளத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனம் இருக்கிறது. காரியவட்டத்தில் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன. மின்கலம் அறிந்தவரும் மொழி அறிந்தவரும் ஒரே கடற்காற்றைச் சுவாசிக்கும் ஊரில், ஒரு பேட்டரி விளக்குக்கு நேர்மையான நான்கு வரி எழுத ஆள் இல்லை. பொறியியல் துறை எல்இடியின் சமன்பாட்டைத் தேர்வுக்குக் கற்பிக்கிறது. மொழித்துறை கலைச்சொற் பட்டியல்களை அச்சிட்டு அடுக்குகிறது. சமன்பாடும் கலைச்சொல்லும் சந்திக்க வேண்டிய இடம் மேலட்டை. அங்கே இருவரும் இல்லை.

எழுத வேண்டிய வரிகள் நான்கே. முதலாவது, எத்தனை லூமெனில் எத்தனை மணி நேரம், ஒளி பாதியாகக் குறைவது எப்போது. இரண்டாவது, மின்கலத்தின் வகையும் வாட்-மணியில் அதன் உண்மைக் கொள்ளளவும். மூன்றாவது, மின்னோட்டக் கட்டுப்பாடும் காப்புச் சுற்றும் உண்டா இல்லையா. நான்காவது, வீங்கினால், நனைந்தால், சூடேறினால் செய்ய வேண்டியது என்ன. இவற்றை மலையாளத்திலும் தமிழிலும், கடையில் வழங்கும் சொற்களிலேயே எழுத வேண்டும். ‘பேக்கப்’ என்ற சொல் இருக்கலாம். அதற்குச் செயப்படுபொருள் இருக்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்து விளக்குகளை வாங்கி, ஒளிமானியும் கடிகாரமும் வைத்து அளந்து, மேலட்டையின் எண்ணையும் மெய்யெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட ஒரு துறையின் ஒரு பருவம் போதும். அடுத்த தென்மேற்குப் பருவமழை ஜூனில் வரும். அது எந்தத் துறையின் கல்விக்குழுக் கூட்டத்துக்காகவும் காத்திருக்காது.