அவரேதான் இவர்!

‘நான் யார்?’ என்று விசாரித்துப் பார்க்கச் சொன்னார் ரமண மகரிஷி. விடை கிடைக்க ஓர் ஆயுள் ஆகும். அதையே கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் ஆயுள் தேவையில்லை. அட்டெஸ்ட் செய்த ஜெராக்ஸ் வேண்டும்.

கும்பகோணத்தில் கே. சீனிவாசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் பாஸ்போர்ட்டுக்கு இனிஷியல் ஆகாது. விரித்து எழுத வேண்டும். அப்பா கிருஷ்ணமூர்த்தி குடும்பப் பெயராகிறார். பையன் அமெரிக்கா போனதும் ஆபீஸில் எல்லாரும் ‘மிஸ்டர் கிருஷ்ணமூர்த்தி’ என்று அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்.

இதுவாவது தேவலை. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் சீனிவாசன் குடும்பப் பெயராகிவிடுவார். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று இருக்கும். ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். பெத்தவங்க வச்ச பேரு தெரியாதாம்!

வருஷங்கள் ஓடுகின்றன. சீனிவாசன் அமெரிக்கக் குடிமகனாகிறார். அப்போதே பெயரை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. சுருக்கமாக ‘சீனி கிருஷ்’ ஆகிறார். புது பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர்? கும்பகோணம் போயே போச்சு. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு நாட்டின் பெயர் மட்டும்தான். வெறும் ‘இந்தியா’.

நம் சட்டமும் கறார்தான். 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், 9-வது பிரிவுப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கியதுமே இந்தியக் குடியுரிமை காலி. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். கேன்சல் முத்திரை குத்தி, ஒரு சான்றிதழோடு திருப்பித் தருவார்கள்.

‘செத்த பாஸ்போர்ட்தானே’ என்று அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள், சார்!

பிறகு ஒருநாள் அப்பாவின் உயிலைப் பிரிப்பார்கள். ‘என் மகன் கே. சீனிவாசனுக்கு’ என்று வீட்டை எழுதியிருப்பார். வந்து நிற்பவரோ சீனி கிருஷ். இரண்டு பேருக்கும் நடுவில் பாலம் போட அந்தக் கேன்சல் பாஸ்போர்ட்டும், பெயர் மாறியதற்கான கோர்ட் உத்தரவும்தான் உண்டு. அவை இல்லாவிட்டால் பெற்ற தாயே பக்கத்தில் நின்று, “இவன் என் புள்ளதாங்க” என்றாலும், “அது சரிம்மா... டாக்குமென்ட் இருக்கா?” என்பார்கள்.

ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் அட்டையில் எண் போட்டிருக்கும் பழைய வெளிநாட்டு பாஸ்போர்ட்டையும் சுமந்துகொண்டுதான் இந்தியா வர வேண்டியிருந்தது. 2021-இல் அந்தச் சுமையை இறக்கிவிட்டார்கள். ஃப்ளைட்டில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பீரோவிலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை!

முதல் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடப் போகும் தம்பிகளே, பள்ளிக்கூட சர்டிபிகேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர்க் கட்டங்களை நிதானமாக நிரப்புங்கள். இன்றைக்கு நீங்கள் எழுதும் பெயருக்குத்தான் நாளைக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கும்.

மகரிஷியின் கேள்வியை ரிடையரானப்புறம் பார்த்துக்கலாம்.