கொழும்புக் கணக்கில் மலையக மீன்கள்

ஹட்டன் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொலித்தீன் பையில் கப்பி மீன் வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் சிறுவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். சில வாரங்களில் மறுபடியும் வருவார்கள். முன்னர் வாங்கியவை செத்திருக்கும். "உனக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று அவர்களுக்கே பழி. தெரியாதது யாருக்கு?

கப்பிக்கு உகந்தது 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவில்தான். ஹட்டன் அதனினும் தாழ்வு; ஆயினும் கொழும்பு அன்று. "ஹீட்டர் போடு" என்பது ஆலோசனையா? நாட்சம்பளத்துக்காகப் பல்லாண்டுகளாகப் போராடும் குடும்பத்தின் மின்கட்டணத்தை யார் செலுத்துவது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை மறந்தார்களா?

இதனினும் கொடியது, வாரந்தோறும் தொட்டியை முற்றாகக் கழுவச் சொல்லும் உபதேசம். மீன்கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியிலும் கற்களிலுமே குடியிருக்கின்றன. அவை நிலைபெற ஒரு மாதத்துக்கு மேலாகலாம்; குளிரில் இன்னும் தாமதம். கழுவிக் கொட்டுவது அவற்றைத்தான். கால்வாசி நீரை மாற்றினாற் போதும்.

நான் புரட்டிய மீன்வளர்ப்புக் கையேடு எதிலும் தேயிலை இல்லை. 1946இல் இலங்கையை எட்டிய கொப்புள நோய்க்கு எதிராகத் தேயிலைக்குச் செம்பு கலந்த மருந்து தெளிக்கிறார்கள். செம்பு மீனுக்கு நஞ்சு. மென்னீரில் அதன் கடுமை கூடுதல். எமது மலை ஊற்றுகள் பெரும்பாலும் மென்னீரே. ஆகவே மலைக்கு மருந்தடித்த நாட்களிலும் அதன்பின் பெய்யும் முதல் மழையிலும் பீலித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. இதை மருந்தடிக்கும் தொழிலாளி ஊகித்துக்கொள்வார். கொழும்பிலிருந்து எழுதும் ஆலோசகருக்கு அது தோன்றாது.

தங்கமீன் குளிர்நீருக்குரியது. ஆனால் அதற்குப் பெரிய தொட்டி வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் அடைப்பது கொலை. தென்சீன மலையோடைகளைச் சேர்ந்த வைட் கிளவுட் மின்னோ 18 பாகையிலும் உற்சாகமாக நீந்தும். 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரன் தன் தூண்டிலுக்காக இம்மலைகளுக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்தான். குளிர்நீருக்கு ஏற்ற மீனையே கொண்டுவந்தான். அவன் தன் பொழுதுபோக்குக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது எமது சிறுவர்களின் சேமிப்புக்குக் காட்டக்கூடாதா?

மீன் விற்கும் கடைகள் தொட்டிக்கு ஒரு வெப்பமானியைத் தொங்கவிடட்டும். நன்னீர் மீன்வளர்ப்புக்கென 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதிகாரசபை, இந்த உயரத்துக்கும் இந்த நீருக்குமான ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் அச்சிட்டு அதனருகே ஒட்டட்டும். அதுவரை, மீன் செத்ததற்குப் பிள்ளையைத் திட்டுவதையாவது நிறுத்துங்கள்.