சாமியை மாற்றினேன், ஆட்டத்தை மாற்றவில்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணில் பட்ட கேம்களை எல்லாம் இறக்கி ஹார்ட் டிஸ்க்கை நிரப்புவோம். ஒன்றில் தோற்றால் அன்இன்ஸ்டால். ஜெயித்தால் அதற்கும் அன்இன்ஸ்டால். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர்தான், ஆனாலும் பல வருடம் இதையேதான் செய்து வந்தேன். இப்போது என் கருத்து வேறு. ஒரு நல்ல கேமை வேறு தேர்வோடு இரண்டாம் முறை ஆடாதவர், அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

எனக்கு இதைப் புரிய வைத்தது 'தியா: தி அவேக்கனிங்' என்ற கேம். முஹா கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்டது. உலகம் இருளில் மூழ்கிப் போயிருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு கிராமம், விரல் விட்டு எண்ணக்கூடிய சில மனிதர்கள். மற்ற ஸ்ட்ராடஜி கேம்களைப் போல ஊர் ஊராகக் கட்டிக்கொண்டே போக முடியாது. ஒவ்வொரு டர்னுக்கும் இவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், எரிக்க விறகு வேண்டும். இரவு வந்தால் ஆபத்து அதிகம். சண்டை, வேட்டை, பேச்சுவார்த்தை எல்லாமே சீட்டாட்டம் போல நடக்கும். உங்கள் ஆட்களே அந்தச் சீட்டுகள். ஒருவர் செத்தால் செத்ததுதான்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு கடவுளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் கிழக்கு ஐரோப்பாவின் பழைய ஸ்லாவ் மக்கள் வணங்கிய தெய்வங்கள். கடவுளுக்குக் கடவுள் உங்களுக்குக் கிடைக்கும் சாதகம் மாறும். தோற்றாலும் அந்தக் கடவுளுக்குப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேர மற்ற கடவுள்களும் திறப்பார்கள். அதாவது, மறுபடி ஆட வேண்டும் என்றே இந்தக் கேமைச் செய்திருக்கிறார்கள்.

நான் முதலில் எடுத்தது ஸ்வாரோக். நெருப்புக்கும் கொல்லர் வேலைக்கும் உரியவர். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்குக் கைத்தொழில் சாமி சரியாக இருக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகள் பெரியவர்கள் ஆகும்போது அவர்களைப் போர்வீரன், சேகரிப்பவர், கைவினைஞர் என்று எந்தத் தொழிலில் விடுவது என்று கேம் கேட்கும். நான் எல்லோரையும் கைவினைஞர் ஆக்கினேன். நல்ல நல்ல வாள், கேடயம் எல்லாம் செய்தார்கள். விறகுதான் தீர்ந்து போனது. கணக்கெழுதும் சித்திரகுப்தருக்கே கோயில் இருக்கிற காஞ்சிபுரத்தில் பிறந்து, ஒரு கிராமத்து விறகுக் கணக்கில் கோட்டை விட்டேன்.

அடுத்து மோகோஷ். பூமித் தாய். நூல் நூற்பதற்கும் நெசவுக்கும் அவள்தான் தெய்வம் என்பது ஸ்லாவ் மக்களின் நம்பிக்கை. நெசவுக்காரன் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி வேறு யார்?

"ஒரு சாமியை வச்சுத் தோத்துட்டு இப்ப வேற சாமியா? நல்லா இருக்குடா" என்றார் அம்மா. அவர் மட்டும் என்னவாம்! வெள்ளிக்கிழமை காமாட்சி, கிருத்திகைக்குக் குமரகோட்டம், வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள். எங்கே போனாலும் வேண்டிக்கொள்வது ஒன்றேதான், என் கல்யாணம்.

மோகோஷுடன் நான் முதல் தடவையைவிடச் சீக்கிரம் தோற்றேன். கேம் மோசம், என் லேப்டாப் மோசம் என்று கொஞ்ச நேரம் திட்டினேன். பிறகு பழைய சேவ் ஃபைலைத் திறந்து இரண்டு ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே கைவினைஞர்கள், அதே வாள்கள், அதே வரிசை. மோகோஷ் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் ஸ்வாரோக் ஆட்டத்தையே ஆடியிருக்கிறேன்! முதல் தோல்வியில் தெரியாத என் பழக்கம், சாமியை மாற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஆட்டம் முடிந்ததும் சேவ் ஃபைல்களை அழிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எல்லா கேமிலும் கடவுளை மாற்றினால் எல்லாமே மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். 2002-ல் வந்த 'ஏஜ் ஆஃப் மிதாலஜி' பலருக்குத் தெரிந்திருக்கும். 2024-ல் 'ரீடோல்டு' என்று புதுப்பித்தும் வெளியிட்டார்கள். அதில் கிரேக்கக் கடவுள் சியூஸை விட்டு இன்னொரு கிரேக்கக் கடவுளான ஹேடஸுக்குப் போனால் வித்தியாசம் ஓரளவுதான். ஆனால் கிரேக்கரை விட்டு நார்ஸ் பக்கம் ஓடினிடம் போய்ப் பாருங்கள். கிரேக்கர்கள் தெய்வ அருளைப் பெறக் கோயிலில் நின்று பிரார்த்தனை செய்வார்கள். எகிப்தியர்கள் நினைவுச் சின்னங்கள் கட்டுவார்கள். நார்ஸ்காரர்களுக்கோ பெரும்பாலும் சண்டை போட்டே அருள் கிடைக்கும். வீட்டோடு உட்கார்ந்து கோட்டை கட்டியே பழகியவர் அங்கே திணறிவிடுவார். எனவே இரண்டாம் முறை ஆடும்போது, உங்கள் பழக்கத்துக்கு நேர் எதிரான கடவுளாகப் பார்த்து எடுங்கள். கூடவே இன்னொன்று: ஆள் செத்ததும் பழைய சேவை லோடு செய்யும் வேலையை ஒரு ஆட்டத்துக்காவது விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஆட்டமும் மோகோஷ்தான். ஒரு பிள்ளை பெரியவன் ஆகி, தொழிலைக் கேட்டு ஸ்கிரீனில் பெட்டி வந்தது. டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்த அப்பா, இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கக் கரைக்கு நாடா போட்டுத் தர வேண்டும். பள்ளிக்கூட லீவு நாட்களில் அப்பாவுக்கு அந்த இன்னொருவர் நான்தான். நான் காலேஜுக்குப் போன பிறகு கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கோர்வையை விட்டுவிட்டு ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய சேலைகளுக்கு மாறிவிட்டார். இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஊர்ல எல்லாரும் உக்காந்து வேலை செஞ்சா யாருடா விறகு பொறுக்கறது?" என்றார். இரண்டு ஆட்டம் தோற்று நான் கண்டுபிடித்ததை டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். சேகரிப்பவர் என்பதைக் கிளிக் செய்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையனை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அதுக்கு இதுல வழி இல்லப்பா."

"ம்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

கிராமத்தில் இப்போது விறகு தேவைக்கு மேலேயே இருக்கிறது. வாள் செய்யத்தான் ஆள் போதவில்லை. இந்த ஆட்டம் முடிந்ததும் லாடாவை எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.