அப்போஸ்டில் ஜமுனாமரத்தூரில் தொடங்குகிறது

வெளிநாட்டுப் படிப்பு, வெளிநாட்டு வேலை என்ற பேச்சு ஜவ்வாது மலைக்கும் ஏறி வந்துவிட்டது. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே இறங்கி நர்சிங்கோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளின் செல்போனில் வளைகுடா வேலை விளம்பரம் வந்து நிற்கிறது. கூடவே 'அப்போஸ்டில்' என்ற புதுச்சொல்லும் வருகிறது. அதைப் போட்டுத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர்களும் வருகிறார்கள்.

முதலில் அது என்னவென்று தெரிந்துகொள்வோம். ஒரு நாட்டு அரசு கொடுத்த சான்றிதழை இன்னொரு நாடு நம்புவதற்காக 1961-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியாவில் அது 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டச் சான்று, பிறப்புச் சான்று போன்றவற்றை முதலில் மாநில அரசின் உரிய துறை சரிபார்க்கும். பிறகு வெளியுறவு அமைச்சகம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தரும். அதுதான் அப்போஸ்டில். அதற்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். அமைச்சகம் அனுமதித்த சேவை மையங்களின் கூலி தனி. அதுவும் பெரிய தொகை அல்ல. இதற்காக டெல்லிக்குப் போகவும் வேண்டாம், சென்னையிலேயே முடியும். சான்றிதழ் கொடுத்த நிறுவனம் இணையத்தில் பதிவேற்றியிருந்தால் 'இ-சனத்' தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

சவுதி, ஓமன், பஹ்ரைன் ஆகியவை இந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் இல்லை. அங்கே போகிறவர்கள் அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லா முதலாளிகளும் இதைக் கேட்பதுமில்லை. எந்தச் சான்றுக்கு எந்த முத்திரை வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டாலும் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் சென்னையோ டெல்லியோ அல்ல. அப்போஸ்டில் உறுதி செய்வது கையெழுத்தையும், கையெழுத்திட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை. பிறப்புச் சான்றில் ஒரு பெயர், மதிப்பெண் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் மூன்றுக்கும் ஸ்டிக்கர் கிடைக்கும். விசா அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ அவர்கள் மூன்று பேர்.

மலையில் இது எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். காளியம்மாள் என்பது தமிழில் ஒரே பெயர்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதினார், ரேஷன் கார்டு எழுதியவர் இன்னொரு விதமாக எழுதினார், ஆதார் முகாமில் தட்டச்சு செய்தவர் மூன்றாவது விதமாக. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக நிற்கும்; பாஸ்போர்ட்டில் அது முழுப் பெயராக விரியும்; கல்யாணமானால் கணவர் பெயரின் எழுத்து வந்து உட்காரும். பிறந்த தேதியோ, வீட்டிலேயே பிறந்து பதிவாகாமல் போன பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் போட்டதுதான். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் நம் பள்ளிகளில் இத்தனை பேர் இருப்பதற்கு வேறு என்ன காரணம்?

பிறப்பைப் பதியாமல் ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பழங்குடியினர் சான்றுக்கும் அதே கோட்டாட்சியர்தான். எஸ்.சி. சான்றை வட்டாட்சியர் தருகிறார்; எஸ்.டி. சான்று மட்டும் 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர் கைக்குப் போனது. போலிச் சான்றைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். போலிகளைத் தடுத்ததோ இல்லையோ, உண்மையான மலையாளி, இருளர், மலைக்குறவர் வீட்டுப் பிள்ளைகளை அலைய வைத்தது. பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று கிடைக்கவில்லை என்று ஒரு தந்தை 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகும் இதை வெறும் காகித வேலை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஜமுனாமரத்தூர் தனி வட்டமாகிவிட்டது, வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. கோட்டாட்சியரைப் பார்க்க மலையிறங்கித்தான் ஆக வேண்டும். ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. "அய்யா மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வாங்க" என்றால் இன்னொரு நாள் கூலியும் போகும்.

வாய்ப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு ஆண்டுக்கு 125 இடங்கள், பழங்குடியினருக்கு 20 இடங்கள். (நாடு முழுவதற்கும் இருபதுதான், அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் இரு தரப்பும் விண்ணப்பிக்கலாம். தகுதியும் இல்லாமல் இல்லை. இதே மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024-ல் உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்றதை நாடே பேசியது. ஆனால் எந்த விண்ணப்பமும் சாதிச் சான்றில்தான் தொடங்குகிறது. அது கையில் வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டால் 36 லட்சம் அறிவிப்பில் மட்டுமே இருக்கும்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய நிதியல்ல. மாதத்தில் ஒருநாள் கோட்டாட்சியர் ஜமுனாமரத்தூரில் உட்காரட்டும். தாமதப் பிறப்புப் பதிவு, பழங்குடிச் சான்று இரண்டையும் அங்கேயே விசாரித்து அங்கேயே உத்தரவிடட்டும். மலை பரந்து கிடக்கும் திருப்பத்தூர், வேலூர் மாவட்டப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். வெளிநாடு போகும் மாணவர்களின் சான்றுகளைச் சரிபார்த்துச் சென்னைக்கு அனுப்பும் வேலையை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையே ஏற்கலாம். அப்படிச் செய்தால் தரகர்களுக்கு வேலை இருக்காது.

பள்ளிகளுக்கும் ஒரு வேலை உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மாணவர் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் அதைப் பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக ஒப்பிட வேண்டும். அச்சாகி வந்த மதிப்பெண் சான்றைத் திருத்துவது பெரும்பாடு. படித்த அண்ணன், அக்காமார் ஊரில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்து கொடுக்கலாம்.

கோட்டாட்சியர் முகாம் கேட்டுத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஊர் ஊராகக் கொடுத்தால் நல்லது. மனுவோடு பெயர் மாறிக் கிடக்கும் சான்றுகளின் நகல்களையும் இணையுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.