கூரைகளை அணைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய எரிசக்தி அமைச்சர் அவர்களுக்கும் மின்துறை உயரதிகாரிகளுக்கும்,



2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். நாடு முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்குதான் காரணம் என்றார்கள். உலகமே அந்தக் குரங்கைப் பற்றிப் பேசியது. என்னை வாட்டியது வேறு. ஒரு சிறு பழுதைத் தாங்கும் வலு அந்த வேளையில் எங்கள் மின்வலைக்கு இருக்கவில்லை.

விடுமுறை நாளில் மின்தேவை குறைவு, வெயில் ஏற ஏறக் கூரைச் சோலாரின் பங்கோ அதிகம். பெரிய சுழலிகள் போதியளவு ஓடினால், எங்கோ ஒன்று அறுந்தாலும் அவற்றின் சுழல்வேகம் சில விநாடிகளுக்கு 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். சோலார் தகட்டில் சுழல எதுவுமில்லை. அதிர்வெண் தளம்பினால் இன்வேட்டர்கள் தாமாகவே கழன்றுகொள்ளும். தளம்பல் இன்னும் கூடும். அன்று நின்ற நுரைச்சோலை நிலக்கரி மின்நிலைய இயந்திரங்கள் மூன்றும் திரும்ப ஓட நாட்கள் எடுத்தன. அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. அயல்நாட்டோடு கம்பித் தொடுப்பில்லாத தீவுக்குக் கைகொடுக்க ஆளில்லை.

பிறகு வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மக்களிடம் கேட்கப்பட்டது. அந்த நாட்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கடன்பட்டுத் தகடு போட்டவர்களிடம் வெயிலை வீணாக்கச் சொல்லிவிட்டு, இருட்டியதும் எண்ணெய் எரிப்பது எத்தனை காலத்துக்கு?

தென் அவுஸ்திரேலியாவும் 2016 செப்ரெம்பர் 28 அன்று முழுதாக இருண்டது. அதன்பின் அங்கே வீட்டுப் பற்றரிகளை ஒன்றாகக் கோத்து, ஒரே மின்நிலையம்போல இயக்கத் தொடங்கினார்கள். மெய்நிகர் மின்நிலையம் என்பது இதுதான். 2019 ஒக்ரோபர் 9 இல் குயின்ஸ்லாந்தின் கோகன் கிறீக் நிலக்கரி நிலையம் திடீரென நின்று 748 மெகாவாட் இல்லாமற்போனது. அதிர்வெண் சரிந்ததும், இன்னொரு மாநிலமான தென் அவுஸ்திரேலியாவின் வீட்டுச் சுவர்களில் தொங்கிய பற்றரிகள் தாமாகவே மின்சாரத்தை வலைக்குள் தள்ளின. அப்போது இணைந்திருந்தவை சில நூறு வீடுகளே. நாட்டைக் காத்தது அவை மட்டுமல்ல. ஆனாலும் வீடுகளால் முடியும் என்று தெரிந்தது.

பற்றரி வைப்போருக்கு, மாலை 6.30 முதல் 10.30 வரை தரும் யூனிட்டுக்கு மட்டுமன்றி, அதிர்வெண் சரியும் விநாடியில் உதவத் தயாராய் நிற்பதற்கும் பணம் கொடுங்கள். சிறு தளம்பலுக்கே கழன்றுவிடாத இன்வேட்டர்களைக் கட்டாயமாக்குங்கள். எங்கள் பற்றரியில் நீங்கள் எவ்வளவு எடுக்கலாம், எங்களுக்கு எவ்வளவு மிஞ்சவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதுங்கள். ஒரே மின்மாற்றியின் கீழுள்ள வீடுகளில் தொடங்கிப் பாருங்கள். எங்கள் தெருவில் கேட்டால் நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து மின்பாவனையாளர் ஒருவர்